கேன்வாஸில் பட்டி மாவு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்ரிலிக் அரூப ஓவியத்தில் மேடு பள்ளம் எழுப்பும் ‘டெக்ஸ்சர்’ வேலையை வீட்டிலேயே செய்து பார்க்கச் சொல்லித் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் வெளியாகியிருந்தது. அரூப ஓவியத்துக்கு நாளிதழில் முழுப் பக்கம் கிடைப்பது அபூர்வம். படித்தவர்களில் பலர் உடனே கடைக்குப் போய்க் கேன்வாஸ் வாங்கியிருப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறோம். அதில் தரப்பட்ட செய்முறை இது: சுவருக்குப் பட்டி பார்க்கும் வெள்ளை சிமென்ட் மாவை மரவேலைப் பசையில் குழைத்து, கேன்வாஸில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, மேலே உப்பும் ரவையும் தூவி, மின்விசிறியில் காயவைத்து, மறுநாள் வண்ணம் தீட்டுவது. இப்படிச் செய்த படம் கொஞ்ச நாள் நன்றாகவே இருக்கும். பிறகு விரிசல் விடும், விரிசலின் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், மாட்டிய இடத்திலேயே சில்லுச் சில்லாக உதிரும். செய்தவர் தனக்குக் கை வரவில்லை என்று நினைத்துத் தூரிகையையே வைத்துவிடுவார். கோளாறு கையில் இல்லை, பொருளில் இருக்கிறது.

பட்டி மாவு விறைப்பான சுவருக்கென்று செய்தது. சுவரிலேயே பெயின்டர்கள் அதை ஒன்றரை மி.மீ. கனத்துக்குள், இரண்டு கையாகத்தான் இழுப்பார்கள். கேன்வாஸோ ஓயாமல் அசைகிற துணி. மழைக்கால ஈரத்தில் ஒரு விதம், பங்குனி வெயிலில் ஒரு விதம். தூக்கினால் நடுவில் அமுங்கும், பக்கத்தில் கதவைச் சாத்தினால் அதிரும். அக்ரிலிக் காய்ந்தபின்னும் வளைந்துகொடுக்கும் படலம் என்பதால் அந்த அசைவோடு சேர்ந்து அசைகிறது. சிமென்ட் அசையாது, உடையும். போதாதற்கு சிமென்டில் காரம் அதிகம். ஈரம் பட்டால் வெள்ளையாக உப்புப் பூத்து வண்ணத்துக்கு மேலே வந்து நிற்கும். காரம் தாங்காத நிறமிகள் மங்கிப்போகும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இன்னும் மோசம். கால் மணி நேரத்துக்குள் கிண்ணத்திலேயே இறுகிவிடும். இறுகியபின் தண்ணீர் விட்டுக் கலக்கினால் பலமே இல்லாத தூள்தான் மிஞ்சும்.

மேடு எழுப்புவதில் தமிழ்நாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தில் நகைக்கும் தூணுக்கும் வளைவுக்கும் சுண்ணத் தூளைப் பசையில் குழைத்து மேடு கட்டி, அதன்மேல் கல் பதித்துத் தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். அந்த மேட்டைத் தாங்குவது பலகை. பலகைமேல் துணி ஒட்டி, துணிமேல் சுண்ணப் பூச்சு பூசித்தான் வேலையே தொடங்கும். அந்த முறை அரூப ஓவியருக்கும் அப்படியே பொருந்தும். இத்தாலிய ஓவியர் அல்பெர்த்தோ புர்ரி 1970களில் வரைந்த ‘கிரெத்தி’ வரிசையில் படம் முழுக்க விரிசல்தான், வண்டல் காய்ந்த ஏரித்தரை போல. துத்தநாக வெள்ளையையும் வினைல் பசையையும் கலந்து, வேண்டுமென்றே விரிசல் விடவைத்து, வேண்டிய கட்டத்தில் மேலே பசை பூசி நிறுத்தினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது துணி அல்ல, செலோடெக்ஸ் என்ற கெட்டியான நார் அட்டை.

அதனால் கனமான வேலைக்கு 9 அல்லது 12 மி.மீ. ப்ளைவுட் வாங்குங்கள். இரண்டு அடிக்கு மேற்பட்ட பலகையென்றால் பின்பக்கம் ரீப்பர் கட்டை அடித்துக்கொள்ளுங்கள். எம்.டி.எஃப். பலகையும் ஆகும், ஆனால் அதன் வெட்டு விளிம்பு தண்ணீரைக் குடித்து உப்பிவிடும், விளிம்பை முதலில் அடைக்க வேண்டும். மரத்திலிருந்து ஈரத்தோடு சேர்ந்து மஞ்சள் கறை மேலே ஏறும். மேடு எழுப்பும் வெள்ளை டெக்ஸ்சர் பசையில் அது அவ்வளவாகத் தெரியாது, கண்ணாடி போன்ற தெளிவான ஜெல் பூசும்போது பளிச்சென்று தெரியும். அதைத் தடுக்க முதலில் பளபளப்பு வகை அக்ரிலிக் மீடியம் (நிறமி சேராத அக்ரிலிக் பிசின்) இரண்டு கை, அது நன்றாகக் காய்ந்தபின் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு கை. ஒரு கை நீளவாக்கில் என்றால் அடுத்தது குறுக்குவாக்கில், நடுவில் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து. பலகையின் பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை வளையும். ஜெஸ்ஸோவுக்குப் பதில் சுவர் பிரைமர் பூசுகிறவர்கள், காய்ந்தபின் கறுப்புத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கட்டும். துணியில் வெள்ளைத் தூள் ஒட்டினால் அந்த பிரைமரில் பிசின் குறைவு. அதன்மேல் எதைப் பூசினாலும் அதோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.

கேன்வாஸ்தான் வேண்டும் என்பவர்கள் கனத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். 45-க்கு 60 செ.மீ. கேன்வாஸில் முழுப் பரப்புக்கும் 3 மி.மீ. கனத்தில் டெக்ஸ்சர் பசை இழுத்தால் 810 மி.லி. பசை செலவாகும், ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறும். அந்த எடையில் துணி தொய்ந்து, நடுவில் குழி விழும். மூன்றில் ஒரு பங்குப் பரப்புக்கு மேல் மேடு எழுப்பாமல் மீதியை மெல்லிய பூச்சாக விட்டால் கேன்வாஸ் தாங்கும். படமும் அப்போதுதான் மூச்சுவிடும். எல்லா இடமும் மேடாக இருந்தால் எதுவும் மேடாகத் தெரியாது.

இனி பசை. ஓவியக் கடைகளில் ‘மாடலிங் பேஸ்ட்’ என்று விற்பது அக்ரிலிக் பிசினில் பளிங்குத் தூள் கலந்தது. வெள்ளையாக, கெட்டியாக இருக்கும்; காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்கலாம், செதுக்கலாம். ‘ஹெவி ஜெல்’ என்பதில் தூள் இல்லை. ஈரத்தில் பால்வெள்ளை, காய்ந்தால் தெளிவு. பேஸ்டைவிட ஜெல் அதிகம் சுருங்கும், ஆனால் அதிகம் வளையும். இரண்டு பங்கு பேஸ்டுக்கு ஒரு பங்கு ஜெல் கலந்தால் கேன்வாஸுக்குத் தோதான பசை கிடைக்கும்.

விலை கட்டுப்படியாகாதவர்கள் வீட்டில் கலக்கலாம், தவறில்லை. மார்பிள் பவுடர் அல்லது நைசான சாக் பவுடர் ஒன்றரைக் கரண்டி, அக்ரிலிக் மீடியம் ஒரு கரண்டி. மீடியத்தில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குழைத்துக்கொண்டே வந்து, கத்தியால் தூக்கினால் கூம்பு சாயாமல் நிற்கும் பதத்தில் நிறுத்த வேண்டும். அதிகபட்சம் இரண்டு கரண்டித் தூள். அதற்கு மேல் போனால் தூளைப் பிடித்து வைக்கப் பிசின் போதாது. காய்ந்தபின் நகத்தால் கீறினாலே பொடி வரும். தண்ணீர் விட்டு இளக்காதீர்கள், மீடியம் விட்டு இளக்குங்கள். தண்ணீர் ஆவியாகும் அளவுக்குப் பசை சுருங்கும், சுருங்கும் அளவுக்கு விரிசல் விடும். மரவேலைப் பசை பலருக்குக் கைவசம் இருப்பதுதான். ஆனால் அது காய்ந்தபின்னும் ஈரத்தில் இளகக்கூடியது, நாளடைவில் மஞ்சளிக்கும். பள்ளிக்கூடப் பயிற்சிக்குச் சரி, விற்கும் படத்துக்கு வேண்டாம். கோலமாவையும் சிலர் சேர்க்கிறார்கள். எந்தக் கல்லை அரைத்தது என்று தெரியாத மாவை மூக்கருகே வைத்துக் கலப்பது ஆபத்து. அதில் குவார்ட்ஸ் இருந்தால் சிலிக்கா தூசி நுரையீரலுக்குள் போகும். எந்தத் தூளானாலும் கலக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் கட்டாயம். தேய்ப்பதை ஈரத்தோடு தேய்த்தால் தூசியே எழாது.

எந்தக் கலவையையும் படத்தில் போடும் முன் ஒரு துண்டுக் கேன்வாஸில் 2 மி.மீ. இழுத்து, மூன்று நாள் காயவைத்து, தண்ணீர் பாட்டிலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். விரிசல் கண்டால் மீடியம் கூட்ட வேண்டும். இந்த ஒரு சோதனையைத் தங்கள் பக்கத்தில் ஒரு வரி சொல்லியிருந்தாலே பாதிப் பேரின் படம் தப்பியிருக்கும்.

விரிசல் ஏன் விடுகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. அக்ரிலிக் தண்ணீர் ஆவியாவதால் காய்கிறது. ஆவியாவது மேற்பரப்பில் தொடங்குவதால் முதலில் மேலே தோல் கட்டுகிறது, அடியில் ஈரம் சிக்கிக்கொள்கிறது. பிறகு அடியும் மெல்லக் காய்ந்து சுருங்கும்போது மேலே இறுகிய தோல் இழுபட்டுக் கிழிகிறது. மின்விசிறியும் வெயிலும் ஹேர் டிரையரும் தோலைச் சீக்கிரம் கட்டவைக்கும். உள்ளே இருக்கும் ஈரத்தை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பூச்சு 3 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது, அடுத்ததற்கு ஒரு நாளாவது இடைவெளி வேண்டும், மழைக்காலமென்றால் இரண்டு மூன்று நாள். முதல் சில மணி நேரம் விசிறியை நிறுத்திவிட்டு, படத்தைத் தொடாதபடி நாலு மூலையில் டம்ளர் வைத்து மேலே பிளாஸ்டிக் தாளைக் கூரையாகப் போடுங்கள். காய்ந்ததா என்று விரலால் அழுத்திப் பார்க்கக் கூடாது, குழி விழும். புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கிறதா? உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

வடிவம் எழுப்பக் கருவிக்குப் பஞ்சமில்லை. பேலட் கத்தி, கொத்தனார் கரண்டி, டைல்ஸ் ஒட்டுகிறவர்களின் பல் கரண்டி, பழைய ஏ.டி.எம். அட்டை, சீப்பு. கருவியைவிட எந்த நேரத்தில் இழுக்கிறோம் என்பதுதான் தடத்தைத் தீர்மானிக்கிறது, இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பசை இழுத்த கையோடு சீப்பை இழுத்தால் வரப்புகள் மழுங்கிச் சரிந்து, அலை அலையாகப் படியும். இருபது நிமிடம் பொறுத்து, பளபளப்பு அடங்கியபின் இழுத்தால் வரப்பு கூர்மையாக நிற்கும், ஓரத்தில் மெல்லிய பிசிர் எழும். ஒரு மணி நேரம் கழித்து இழுத்தால் தோல் கிழிந்து உருண்டு, உழுத வயல் கட்டி போலக் கரடு தட்டும். மூன்றும் அழகுதான், மூன்றையும் ஒரே படத்தில் அடுத்தடுத்து வைக்கலாம். சித்திரையில் இந்த நேரங்கள் பாதியாகும், ஐப்பசியில் இரட்டிக்கும். அதனால் கடிகாரத்தைவிடப் பசையின் பளபளப்பைப் பார்த்து வேலை செய்வதே சரி. மாஸ்கிங் டேப்பும் ஸ்டென்சிலும் பசை ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஸ்டென்சிலை நேர் மேலாகத் தூக்குங்கள், பக்கவாட்டில் நகர்த்தினால் விளிம்பு போய்விடும்.

மணல் சேர்ப்பது பழைய உத்தி. பாரிஸில் ஓவியர் துபுஃபே 1940களிலேயே மணலையும் சரளையையும் குழைத்துக் கனமான பரப்புகளை வரைந்தார். ஸ்பெயினின் கத்தலோனியாவைச் சேர்ந்த ஓவியர் தாப்பியஸ் பளிங்குத் தூளையும் மணலையுமே தன் மொழியாக்கிக்கொண்டார். நாம் சலித்த ஆற்று மணல் எடுக்கலாம். கடற்கரை மணலென்றால் நாக்கில் உப்புக் கரிக்காத அளவுக்கு நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைக்க வேண்டும். மணலை ஈர வண்ணத்தின் மேல் தூவினால் பாதி உதிரும். ஹெவி ஜெல்லில் சம பங்கு கலந்து, ஒவ்வொரு மணியும் ஜெல்லில் நனைந்தபின் பூசினால்தான் நிற்கும்.

உப்பு நீர்வண்ணத்துக்கான உத்தி. அங்கே ஈரத்தை உறிஞ்சிப் பூப்பூவாக விரிந்தபின் தட்டிவிடுகிறோம். அக்ரிலிக்கில் உப்பு படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு வருடக்கணக்கில் கசியும். ரவை, அரிசி, பருப்பு, காப்பித்தூள் ஆகியவற்றையும் தவிர்ப்பதே நல்லது. மேலே எத்தனை கை பூசினாலும் எங்காவது ஒரு நூலிழைத் திறப்பு இருக்கும், வண்டும் பூஞ்சையும் வந்துவிடும்.

டிஷ்யூ தாள் எளிமையானது, நம்பகமானது. சாயம் போடாத வெள்ளைத் தாளைக் கசக்கிப் பிரித்து, ஜெல் பூசிய பரப்பில் சுருக்கங்களோடு படியவைத்து, மேலேயும் மென்மையான தூரிகையால் ஜெல் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கிய இடம் பிறகு கொப்புளமாக எழும். நாளிதழ்த் தாளை ஒட்டுகிறவர்கள், அது பழுப்பேறும் என்பதைத் தெரிந்தே ஒட்டட்டும். கட்டுத்துணி, சணல் சாக்கு போன்றவை முழுக்க ஜெல்லில் ஊற வேண்டும். மேலே மட்டும் பூசினால் அடியில் பிரிந்துகொள்ளும்.

வண்ணத்தைப் பசையிலேயே கலந்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பேஸ்டின் வெள்ளை எந்த நிறத்தையும் வெளிறவைக்கும். கருஞ்சிவப்பு ரோஸாகும், நீலம் பால்நீலமாகும். வெள்ளையாகவே மேடு எழுப்பி, காய்ந்தபின் வண்ணம் கொடுப்பதுதான் நல்லது. இங்கே ஒரு நுணுக்கம். மாடலிங் பேஸ்ட் காய்ந்தபின் தண்ணீரை உறிஞ்சும். நீர்த்த வண்ணத்தை நேரே விட்டால் பேஸ்டுக்குள் இறங்கி நிரந்தரமாகக் கறை பிடிக்கும். நீர்வண்ணம் போன்ற அந்த மென்மை வேண்டுமென்றால் அப்படியே விடலாம். பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கி மேடு வெளுப்பாக நிற்க வேண்டுமென்றால், முதலில் பளபளப்பு மீடியத்தை ஒரு கை பூசிக் காயவையுங்கள். பிறகு ரா அம்பர் அல்லது பர்ன்ட் சியன்னா என்ற பழுப்பு வண்ணம் ஒரு பங்குக்கு, வண்ணத்தை ஊடுருவித் தெரியும் மெல்லிய படலமாக்கும் கிளேசிங் மீடியம் எட்டிலிருந்து பத்துப் பங்கு கலந்து, தூரிகையின் முனையால் பள்ளங்களுக்குள் அழுத்தி நிரப்புங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பழைய பருத்தித் துணியைப் பிழிந்து உள்ளங்கையில் பட்டையாகச் சுற்றிக்கொண்டு மேட்டை மட்டும் துடைக்க வேண்டும். துணியைச் சுருட்டிப் பிடித்தால் பள்ளத்துக்குள் புகுந்து நிறத்தையெல்லாம் எடுத்துவிடும். துணியில் ஒவ்வொரு துடைப்புக்கும் சுத்தமான இடம் மேலே வரவேண்டும், இல்லையென்றால் எடுத்த நிறத்தையே திருப்பிப் பூசுவோம். ஒரு சாணுக்கு ஒரு சாண் என்று பகுதி பகுதியாகச் செய்தால் காய்வதற்குள் முடிக்கலாம்.

இந்த வேலைக்கு ஊடுருவித் தெரியும் நிறமிகள் வேண்டும்: க்வினாக்ரிடோன் சிவப்பு, தாலோ நீலம், தாலோ பச்சை. மேட்டின் முகட்டுக்கு மறைக்கும் நிறங்கள்: டைட்டானியம் வெள்ளை, காட்மியம் மஞ்சள், ஓக்கர். இரண்டங்குலப் பட்டைத் தூரிகையில் தண்ணீரே இல்லாமல் கொஞ்சம் வண்ணம் எடுத்து, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, பரப்புக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து முகடுகளை உரசிச் செல்ல வேண்டும். அழுத்தினால் பள்ளம் நிரம்பிவிடும், செய்த கிளேஸ் எல்லாம் வீண். காட்மியம் பூசிய இடத்தைக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி நஞ்சு.

வார்னிஷில் அவசரம் கூடாது. மெல்லிய பூச்சுக்கு இரண்டு வாரம் போதும். அரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கனம் உள்வரை காய மாதங்கள் ஆகும், சில சமயம் வருடமே தாண்டும். மஞ்சளிக்காத, பிறகு எடுக்கக்கூடிய அக்ரிலிக் வார்னிஷை மெல்லியதாக இரண்டு கை கொடுங்கள். பள்ளத்தில் குட்டை கட்டினால் பால் நிறத்தில் உறையும். ‘செல்’ எனும் வட்ட வட்ட வடிவங்களை வரவழைக்க சிலிகான் எண்ணெய் விட்டு வண்ணத்தை ஊற்றிச் செய்த படங்களில் அந்த எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுக்காமல் வார்னிஷ் ஒட்டவே ஒட்டாது.

கண்காட்சிக்கு அனுப்பும்போது நேரும் சேதம் தனி. அக்ரிலிக் படலம் நம் ஊர் வெயிலில் இளகும். பபிள் ராப்பை நேரே சுற்றி வேனில் ஏற்றினால் போய்ச் சேரும்போது படம் முழுக்க வட்ட வட்டத் தழும்பு இருக்கும். முதலில் சிலிகான் பூசிய பேக்கிங் தாள், அதன்மேல் குமிழ் வெளிப்பக்கம் பார்த்த பபிள் ராப், முகட்டில் எதுவும் உரசாதபடி மூலைகளில் தெர்மகோல் கட்டை. மேடு எழுப்பிய கேன்வாஸைச் சுருட்டி அனுப்புவது அறவே கூடாது. வீட்டில் தூசி தட்ட உலர்ந்த மென்மையான தூரிகை போதும்.

தங்கள் இணைப்பில் இந்தத் தொடர் தொடரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு செய்முறைக்கும் பக்கத்தில் எந்தப் பரப்பு, எத்தனை மி.மீ., எத்தனை நாள் இடைவெளி என்று ஒரு சிறு கட்டம் போட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இதுவரை வந்த செய்முறையில் பட்டி மாவையும் உப்பையும் ரவையையும் நீக்கித் திருத்தம் போட்டால் இப்போதே கலக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும். படங்களை ஃபிளாஷ் இல்லாமல், ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விளக்கு வைத்து எடுக்கச் சொல்லுங்கள். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மேடும் பள்ளமும் அச்சில் தெரிவதே இல்லை.

இப்படிக்கு,
ஓவியப் பயிற்றுநர்கள்,
மயிலாப்பூர், சென்னை.